சலூன் காட்சியில் ஓடிய பாட்டு

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், இரவு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் லாரியில் கிளீனராகவும், புனேயில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவியும், மங்களூரில் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்தும் எங்கெங்கோ இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த எங்கள் வீடுகள் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அலுவலகத்தில் இயந்திரங்களுக்காக ஏசி ஓடும். அந்தக் குளிரில் தரையில் கோணியை விரித்துத் தூங்கினேன்.

முதலாளியின் தொழில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை டிவிடியாகப் போடுவது. ஒரே ஒரு சேனல் தெரிந்த காலத்தில் வாரத்துக்கு அரை மணி நேரம் வந்து, தெருவே சிரித்த தொடர்கள். இப்போது டிவிடியை யார் வாங்குகிறார்கள் என்று நானும் கேட்டேன். பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெரியவர்கள் வாங்குகிறார்கள். தட்டைப் போட்டால் படம் வரும், அவர்களுக்கு அது போதும்.

பெட்டியின் மேல் 'முழுத் தொடர்' என்று அச்சிட்டிருக்கும். முழுசாக இருக்காது. அந்த நாளில் தொடர் எடுத்தவர்கள் சினிமாப் பாட்டுகளை யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் ரேடியோ பாடும், கல்யாணத்தில் ஒலிபெருக்கி பாடும். இன்றைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு, அவருக்கு ஒரு வக்கீல் உண்டு. ஆகவே பாட்டு வரும் இடத்தையெல்லாம் அறுத்தெடுத்துவிட்டு, இணையத்தில் சும்மா கிடைக்கும் கீபோர்டு இசையை ஒட்டுவோம். சாவு வீட்டுக்கும் பெண் பார்க்கும் வீட்டுக்கும் ஒரே இசைதான்.

பழைய டேப்புகளில் பூத்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து இயந்திரத்தில் ஓட்டுவது என் வேலை. வெட்டி ஒட்டுவது எடிட்டர் மேடம். மயிலாப்பூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். வேலை செய்துகொண்டே திட்டிக்கொண்டிருப்பார்.

"எங்காத்துல இந்தத் தொடர் வந்தா அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்துப்பா. எங்கப்பா சிரிச்ச எடத்தையெல்லாம் இப்போ நானே வெட்டிண்டிருக்கேன், பாருங்கோ."

அவர் சொன்ன தொடர் ஒரு தெருவைப் பற்றியது. எல்லா வாரமும் அதில் ஒரு சலூன் காட்சி வரும். முடி திருத்துபவர் ரேடியோவில் ஓடும் பாட்டுக்கு ஏற்றபடிதான் கத்தரியைப் போடுவார். பாட்டு மெதுவாகப் போனால் மெதுவாக வெட்டுவார். வேகமெடுத்தால் நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். முடி திருத்துபவர் கூடவே பாடிக்கொண்டிருப்பார், ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் சந்தில் பேசுவார். பாட்டு திடீரென்று நின்று செய்தி ஆரம்பிக்கும்போது ஒருத்தருடைய பாதி மீசை போயிருக்கும்.

தாளம் தப்பக் கூடாது என்று, படப்பிடிப்பின்போதே பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து நிஜப் பாட்டை ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் தனியாகச் சேர்த்திருந்தால் தனியாக எடுத்திருக்கலாம். இதில் பாட்டும் பேச்சும் கத்தரிச் சத்தமும் ஒன்றாகப் பதிந்து கிடந்தன. மேடம் குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். அது வயலினையும் தபலாவையும் சுத்தமாக எடுத்துவிட்டது. பின்னணிப் பாடகரும் குரல்தானே, அவரை விட்டுவிட்டது. இரண்டு ஆண்கள் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு பாடுவது போலக் கேட்டது.

கட்டடத்தைப் பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவார். ஆற்றோரத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர், விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு காலை நான் சலூன் காட்சி டேப்பை ஓட்டிக்கொண்டிருந்தபோது வாளியோடு உள்ளே வந்தவர், வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"இன்னொருதபா போடு நைனா."

போட்டேன்.

"எங்கூட்டுக்காரு" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் நடிகரே இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் நிஜமாகவே சலூன் வைத்திருந்தவர். தொடர் எடுத்தவர் அங்கே முடி வெட்டிக்கொள்ள வந்து, அவர் பாடிக்கொண்டே வெட்டுவதைப் பார்த்துப் பிடித்துப் போயிருக்கிறார். தொடர் முடிந்த கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனார். அப்போது அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. அந்தப் பெண்தான் இப்போது ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை பிரித்துக் காட்டுகிறாள்.

"போட்டோ கீது. போட்டோ இன்னா, பேசவா போவுது? சின்னதுல இருந்தே கேப்பா, 'அப்பா எப்டிம்மா பேசுவாரு'ன்னு. நான் பேசிக் காட்டுவேன். 'ஏய், சோத்தப் போடு'ன்னு. வுயுந்து வுயுந்து சிரிப்பா. பொம்பள ஆம்பள கொரல்ல பேசுனா வேற எப்டி இருக்கும்?"

"நாளைக்கே அவளை அழைச்சுண்டு வாங்கோ" என்றார் மேடம்.

ஆனால் அது ஆடித் தள்ளுபடி நேரம். கடையில் வாராந்திர விடுமுறையை ரத்து செய்திருந்தார்கள். நான் கைபேசியில் பிடித்துத் தருகிறேன் என்றேன். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். மகளுடைய போனுக்கு அனுப்பவும் அவருக்கு மனமில்லை.

"வேணா நைனா. கடைல சேட்டு திட்டிகினு இருக்கசொல்ல, மூலைல நின்னு கேப்பா. வாணாம். ஆடி போவட்டும். அவகிட்ட ஒன்னியும் சொல்லல. இட்டாந்து இந்தப் பெரிய டிவில சட்டுனு காட்டணும். அவ மூஞ்சப் பாக்கணும் எனக்கு."

எங்கே போய்விடப்போகிறது என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்தோம்.

ஆடி முடிவதற்குள், வேறொரு தொடரில் வெட்டாமல் விட்டுப்போன ஒரு பாட்டுக்காக முதலாளிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் அன்று மதியமே கணினி தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம்.

"பாட்டு இருக்கற ஒரு ஃபைல் இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது வந்து தேடினா நான்தான்யா உள்ள போகணும்."

மேடம் அன்று வரவில்லை. என்னை வேறு பழைய டேப்புகள் பொறுக்கிவர ஒரு கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பியபோது எல்லாம் அழிந்திருந்தது. டேப்புகளும் இல்லை. இயந்திரத்தில் ஓடும்போதே உதிர்ந்துகொண்டிருந்தவைதான், மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். பெருங்குடிக் குப்பைமேடு வரை போனேன். வாசலில் இருந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வந்த வண்டிகள் கொட்டிய திசையைக் கையால் காட்டினான். ஒரு திசை முழுவதும் காட்டினான். திரும்பி வந்தேன்.

மிஞ்சியது, மேடம் ஏற்கெனவே ஒலியை அறுத்து வைத்திருந்த பிரதி. அதில் சலூன்காரர் வாயை அசைத்தார், கத்தரி அசைந்தது, சத்தம் இல்லை.

மறுநாள் படிக்கட்டில் அக்காவிடம் சொன்னேன்.

"ஒன்னு கூடவா இல்ல?"

"இல்லக்கா."

ஈரப்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்து கீழ்ப்படி வரை துடைத்து முடித்தார்.

ஊமைக் காட்சிக்குக் குரல் வேண்டுமே, முதலாளி ஒரு மிமிக்ரி கலைஞரை அழைத்து வந்தார். அவருக்குத் தெரிந்த மெட்ராஸ் பாஷை சினிமாவில் ரௌடிகள் பேசுவது. மேடம் காதைப் பொத்திக்கொண்டார். அவரை அனுப்பிவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார்.

"யோவ், நீ பேசு. உன் வாயே அப்படித்தானே."

வசனங்கள் மேடத்துக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் மைக் முன்னால் நின்று பேசினேன். "தல ஆட்டாத சார், பாட்டு முடியட்டும். மீசை எங்க ஓடிப்பூடும்?" கண்ணாடிக்கு வெளியே அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். நான் நாலாவது முறை பேசியபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவரு இப்டிக் கத்த மாட்டாரு."

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஹெட்போனைக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூக்கால பேசு. அவ்ளோ இல்ல, கொஞ்சமா. 'சார்'னு சொல்லசொல்ல சிரிப்பு வர்ற மாதிரி இருக்கும், ஆனா சிரிக்க மாட்டாரு."

"இப்டியாக்கா?"

"இது எங்க மச்சான் மாதிரி கீது. அந்தக் குடிகாரன் எதுக்கு இப்ப?"

மேடமே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பேசச் சொன்னார். ஒரு வரியை அரை நாள் பேசினேன். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ம், இருக்கட்டும்" என்பார். சரி என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. பின்னால் அதே கீபோர்டு இசையை ஒட்டினோம். வரிக்கு நடுவே சந்தில்லாத அந்த இசையில் மனிதர் காரணமில்லாமல் நின்று நின்று பேசினார். கத்தரி ஒரு பக்கம் போனது, தாளம் ஒரு பக்கம் போனது.

ஆடி முடிந்து முதல் விடுமுறையில் மகள் வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள். மேடம் காட்சியைப் போட்டார். நான் மூலையில் நின்றேன். பேசக் கூடாது என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார்.

அப்பா அசைவதை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். சிரித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை முடிந்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ பேசிக் காட்னது சுத்தமா வேறம்மா! இன்னாம்மா நீ, இத்தினி வருசமா ஏமாத்திகினு இருந்தியா?"

"எனக்கு இன்னாடி தெரியும், ஆம்பள மாதிரிப் பேச" என்றார் அக்கா.

போகும்போது என்னிடம், "நீங்கதான் டேப்பெல்லாம் துடைச்சி எடுத்தீங்களாண்ணா? ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றாள். நான் தலையாட்டினேன்.

"அவுருக்குத் தொண்ட கட்டிகினுகீது" என்று சொல்லி அக்கா அவளைப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

டிவிடி பெட்டி வந்தது, கப்பலேறியும் போனது. அக்கா வழக்கம்போல வந்து துடைத்தார், ஸ்டூல் பக்கம் வருவதில்லை. ஒரு நாள் நான் டீ வாங்க இறங்கும்போது படிக்கட்டில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"இத்தினி வருசமா காதுலியே இருந்துச்சி நைனா. கஞ்சி வச்சிகினு இருப்பேன், 'ஏய், சோத்தப் போடு'ன்னு பின்னால இருந்து கூப்டா மாதிரி இருக்கும். நேத்திக்கி கூப்ட்டாரு. உன் கொரலு."

"கொஞ்ச நாள் போனா சரியாப்..."

ஈரக் கையை உயர்த்தினார்.

"நீ பேசாத."

 அவர் குனிந்து அடுத்த படியைத் துடைத்தார், பிறகு அதற்கடுத்தது. அவர் கீழே போய்ச் சேர்ந்து, படி காய்கிற வரை மேலேயே நின்றேன்.