கல்லாற்றுக்கு மேலே ஒரு முனியறை

காலை ஆறு மணிக்குக் கரமனை வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். யுத்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ், விதுரா போய்ச் சேர நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிக்காரர் குமாரன் கல்லாற்றங்கரையில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, காட்டுப் பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

என் கணவர் சரித்திர வாத்தியார். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் இறந்தவர்களை வைத்த கல் அறை ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. ஊர்க்காரர்கள் அதை முனியறை என்கிறார்கள்.

நடுப்பகலில் அதைக் கண்டோம். நாலு பக்கமும் பலகை போல நிறுத்திய கற்கள். மேலே மூடியாக ஒற்றைப் பாறை. ஒரு கல்லில் மட்டும் ஆள் தவழ்ந்து நுழையுமளவு வட்டத் துளை. இலை அசையாத அந்த வெயிலிலும் துளையிலிருந்து ஏதோ சில்லென்று முகத்தில் பட்டது.

"நீயும் வாயேன்" என்றார்.

"செத்தவா இருந்த இடம். நான் வரலை. நீங்களும் போகாதேங்கோ."

அவர் கேட்கவில்லை. தவழ்ந்து நுழைந்தார்; பாதங்கள் கடைசியாக உள்ளே மறைந்தன.

சற்று நேரத்தில் மூங்கில் முறிகிற சத்தம். குமாரன் என்னை ஒரு மரத்தின் பின்னால் இழுத்து, உதட்டில் விரல் வைத்தார்.

"அம்மே, மிண்டாதே. ஆனை. ஒற்றையான்."

கூட்டத்தைப் பிரிந்து திரியும் அந்த ஒற்றை யானை முனியறையை நெருங்கி நின்றது. அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் குரல் எழுந்தது: "இங்கே பாரேன், பானை ஓடு!" கல்லுக்குள் புரண்டு வந்த அது அவர் குரலாகவே இல்லை. யானையின் காதுகள் விரிந்தன. நான் கத்தினால் அவர் தலையை வெளியே நீட்டுவார். கத்தாவிட்டால் மறுபடியும் பேசுவார். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

துதிக்கை துளைக்குள் போயிற்று, வெளியே வந்தது. பிறகு யானை மூடிப் பாறையில் நெற்றியை வைத்துத் தள்ளியது. கல்லோடு கல் அரைபட்டது, மண் உதிர்ந்தது. உள்ளே சத்தமே இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வெளியே ஓடி, தண்ணீருக்காகக் கொண்டுவந்திருந்த பித்தளைக் கூஜாவைப் பக்கத்திலிருந்த ஒரு பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தேன். யானை திரும்பி என்னைப் பார்த்தது. அந்தக் கண் இன்னும் எனக்கு மறக்கவில்லை. குமாரனும் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார். யானை ஒரு அடி முன்னால் வைத்தது, நின்றது, பிறகு மூங்கில் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

அவர் தவழ்ந்து வந்தார். தலையெல்லாம் மண்.

திரும்பும்போது, பஸ் நெடுமங்காட்டைத் தாண்டியபின்தான் வாயைத் திறந்தார். "தும்பிக்கை என் மார்பைத் தடவித்து. கல் ஆடித்து. சரி, முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆனா அப்போகூட அவ்வளவு பயமில்லை" என்றார். "வெளியே உன் கூஜா சத்தம் கேட்டதோ இல்லையோ, அப்பதான் நடுங்கிப் போயிட்டேன்."