ஆபரேட்டர் மாற்றப்பட்டார்

1. திரும்பி வந்த பெட்டி

டிரைவர் அட்டைப்பெட்டியை செக்யூரிட்டி மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்துப் பார்த்தேன். நாங்கள் கோட்டிங் செய்து அனுப்பிய சென்ட் பாட்டில் மூடிகள். போகும்போது பளபளவென்று தங்க நிறத்தில் போனவை. இப்போது ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவுக்குத் தங்கம் போய் வெள்ளி தெரிந்தது. சிலவற்றில் ரேகைகூடத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூர் பழைய மெட்ராஸ் ரோடில், டின் ஃபேக்டரி ஸ்டாப்பைத் தாண்டி ஒரு ஷெட்டில் எங்கள் யூனிட். குவாலிட்டி பார்ப்பது, புரொடக்‌ஷன் பார்ப்பது, கஸ்டமரிடம் திட்டு வாங்குவது எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேருவதற்குள்ளேயே பாதி ஆள் ஆகிவிடுவேன். மீதிப் பாதியை அன்று அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டது.

2. தங்கம் என்றால் என்ன

பேக்கேஜிங்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள், “எந்த ஃபினிஷ் சார் பெஸ்ட்?” என்று. பெஸ்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. பாட்டிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த மூடியை அலுமினியத் தகட்டில் அழுத்தி எடுத்து, அதிலேயே சாயம் ஏறும்படி அனோடைஸ் செய்திருக்கலாம். அது எங்கள் ஷெட்டில் ஆகாது. எலெக்ட்ரோபிளேட்டிங் செய்தால் கையில் கனமாக, ஜில்லென்று இருக்கும். ஆனால் ஆசிட் தொட்டி, அதன் கழிவு, அதற்கு ஒரு இன்ஸ்பெக்டர். சூட்டில் ஜிகினாத்தாளை ஒட்டும் ஹாட் ஃபாயில் ஒரு கோடு போடத்தான் லாயக்கு. மிச்சம் இருந்தது எங்கள் மெஷினுக்குத் தெரிந்த ஒரே வித்தை, வாக்யூம் மெட்டலைசிங்.

அதில் தங்கம் எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் மூடிகளை ஜிக் என்கிற கம்பிச் சட்டத்தில் வரிசையாக மாட்டுவோம். அடிப்பூச்சாக பேஸ் கோட் அடித்து சூட்டு அடுப்பில் காயவைப்போம். பிறகு காற்றை உறிஞ்சிய சேம்பருக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி மேலே படியவைப்போம். வெளியே வரும்போது மூடி வெள்ளிதான். அதன் மேல் மஞ்சள் சாயம் கலந்த டாப் கோட் அடித்தால் தங்கம். ஊரெல்லாம் தங்கம் என்று வாங்குவது இந்த மஞ்சள் வார்னிஷைத்தான்.

டாப் கோட்டில் இரண்டு வகை இருந்தது. ஒன்று சாதாரணம். இன்னொன்று இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது. இது உறுதி, ஆனால் கலந்ததைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் ஸ்ப்ரே கன்னிலேயே இறுகி உயிரை வாங்கும். நான் சாதாரணத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு டெஸ்ட் உண்டு. கஸ்டமர் தன் சென்ட்டிலேயே ஒரு சின்ன பாட்டில் அனுப்பியிருந்தார். அதில் பஞ்சை நனைத்து மூடி மேல் வைத்து இரண்டு நாள் விட வேண்டும். டெலிவரி அவசரம். சென்ட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, சாதாரண ஸ்பிரிட்டை நாலு தேய்ப்பு தேய்த்துப் பார்த்து ஓகே என்று கையெழுத்துப் போட்டேன்.

3. ஹேண்ட்லிங்

எங்கள் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். காரணம் தெரியாதபோதும், தெரிந்தும் எழுத முடியாதபோதும் அதில் ‘ஹேண்ட்லிங்’ என்று எழுதுவோம். கையாளும்போது வந்த பழுது என்று அர்த்தம். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த வார்த்தை. யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள்.

முதலாளி கெம்பையா தும்கூர்க்காரர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரகு, இது என்னப்பா? பெரளு மார்க் அல்வா? விரல் மார்க்தானே?”

“ஆமா சார்.”

“ஆய்த்து. ஹேண்ட்லிங்னு எழுதிக் குடு. சும்னே தலை கெடுத்துக்காதே.”

எழுதினேன். அது எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அடுத்த கட்டம், எடுத்த நடவடிக்கை. அதில் எதையாவது எழுதியாக வேண்டும். ‘ஆபரேட்டர் மாற்றப்பட்டார்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அப்போது யாரையும் மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் கஸ்டமரிடமிருந்து ஃபேக்ஸ். நடவடிக்கையில் திருப்தி, நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். இப்போது அந்த வரியை நிஜமாக்க வேண்டும்.

ஜிக் மாட்டும் மேஜையில் ஆறு பெண்கள். அதில் அமுதா ஜோகுபாளையத்திலிருந்து வருபவர். ஆறு பேரில் அவர்தான் வேகம். அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். இடுப்பில் ஒரு துண்டு செருகி அடிக்கடி துடைத்துக்கொள்வார். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரல் தானாக அவர் பக்கம் நீண்டது. நீட்டியது நான்.

தன் மேல்தான் பழி என்று தெரிந்ததும் அமுதா என் மேஜைக்கு வந்து ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“சார், நாங்க கை வெக்கறது பேஸ் கோட்டுக்கு முந்திதான். அப்ப வேர்வ பட்டா பெயிண்ட் ஒட்டாம குழி குழியா நிக்கும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இது குழி இல்ல சார். மேல மஞ்சாதான் போயிருக்குது. மேல போனதுக்கு நாங்க இன்னா பண்ணோம்?”

அவர் சொன்னது அத்தனையும் சரி. மூடியைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்கும் தெரியும். கஸ்டமர் இடத்தில் சென்ட் பட்ட விரலால் யாரோ மூடியைத் தொட்டிருக்கிறார்கள், என் டாப் கோட் அதைத் தாங்கவில்லை.

“பாக்கலாம்மா” என்றேன்.

“பாக்கலாம்னா, நாளைக்கு வரலாமா சார்?”

“நான் சொல்லி அனுப்பறேன்.”

மற்ற ஐந்து பேரும் மூடி மாட்டுவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. அமுதா துண்டை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கஸ்டமர் வந்தார், ஜிக் மேஜையில் புது முகத்தைப் பார்த்தார், காப்பி குடித்தார், போனார்.

4. டிராயரில் இருந்தது

அடுத்த லாட்டும் திரும்பி வந்தது. அதே வெள்ளி, அதே ரேகை. அமுதா தொடாத மூடிகள்.

அன்றுதான் டிராயரைத் திறந்து அந்தச் சென்ட்டை எடுத்தேன். பஞ்சை நனைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது பஞ்சு மஞ்சளாக இருந்தது, மூடி வெள்ளியாக இருந்தது. அதைக் கெம்பையாவிடம் காட்டி, தப்பு என் செலக்‌ஷனில் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இரண்டு டப்பா கோட்டிங்குக்கு மாத்து. கஸ்டமர் கேட்டா, இம்ப்ரூவ்மென்ட்டுன்னு சொல்லு.”

“அமுதாவ மறுபடி கூப்பிடலாமா சார்?”

“ஆபரேட்டர் மாத்தியாச்சுன்னு லெட்டர் குடுத்திருக்கோம். அதே ஹெண்ணு மேஜையில உக்காந்திருந்தா கேக்கமாட்டாங்களா? பேடப்பா. விடு.”

விட்டேன். கோட்டிங் மாறியது, ரிஜெக்‌ஷன் நின்றது, கஸ்டமரிடமிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை ஃபைலில் குத்தும்போது என்னை நினைத்து எனக்கே கசந்தது. ஆனாலும் ஜோகுபாளையம் போய் அமுதாவைப் பார்க்கவில்லை. தினமும் ஸ்கூட்டரில் அந்த வழியாகத்தான் போனேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

5. ஒரு கடிதம்

அமுதாதான் வந்தார். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன். பேசும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முன்பு அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“கார்மெண்ட்ஸ்ல கேட்டிருக்கேன் சார். அங்க எங்க ஏரியா பொண்ணு ஒன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுச்சு, இவ கை பட்டா சாமான் கெட்டுப்பூடும், அதான் நிறுத்திட்டாங்கன்னு. வெள்ளத் துணி சார் அவங்களுது. பயப்படறாங்க. என் கைல தப்பில்லன்னு ஒரு லெட்டர் குடுங்க.”

“தரேன்மா. இப்பவே தரேன்.”

“இங்கிலீஷ்ல வேணாம் சார். தமிழ்ல எழுதுங்க. அந்த சூப்பர்வைசரும் தமிழ்தான். நானும் படிச்சுப் பாக்கணும்.”

உள்ளே வந்து உட்கார்ந்தேன். லெட்டர்ஹெட் கேட்டால் கெம்பையா தரமாட்டார், வெள்ளைத்தாளே போதும். வேலையில் நான் தமிழில் எதுவும் எழுதியதே இல்லை. ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலம். அதில் ‘ஹேண்ட்லிங்’ என்றால் போதும், யாருடைய கை என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மாற்றப்பட்டார்’ என்றால் போதும், மாற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழிலும் அப்படி எழுதலாம்தான். ஆனால் வாசலில் ஒருவர் படிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

மூன்று தாள் கிழித்தபின் எழுதி முடித்தேன். மூடிகள் கெட்டதற்கு மேல்பூச்சுதான் காரணம், அதைத் தேர்ந்தெடுத்தவன் நான், அமுதாவின் கைகளுக்கு இதில் சம்பந்தமில்லை, தவறுதலாக அவர் மேல் பழி போட்டுவிட்டேன், அவர் நல்ல வேலைக்காரர். இந்த அளவுதான்.

அமுதா எழுத்துக்கூட்டி, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார். ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

“தவறுதலாவா சார்?”

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அன்னிக்கே சொன்னனே சார் உங்களுக்கு.”

குரலில் கோபம் இல்லை. தாளை வாங்கி, கேட் தூணில் வைத்து, அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மேலே ‘தெரிந்தே’ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினேன். அமுதா முந்தானையிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டார். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

கார்மெண்ட்ஸில் வேலை கிடைத்ததா, எனக்குத் தெரியாது. போய்க் கேட்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் நான் பல கோட்டிங்குகளைத் தேர்ந்தெடுத்தேன். பஞ்சை வைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். நான் கற்றது வேறு. காரணக் கட்டத்தில் எதை எழுதினாலும், யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் எதிரே நின்று விரல் வைத்துப் படிப்பதாக நினைத்து எழுத வேண்டும். அப்படி எழுத முடியாதென்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.