குண்டு வேண்டாம் என்றவன்

சீனா அணுகுண்டு வெடித்த செய்தி சிதம்பரத்துக்கு வந்தபோது நானும் என் அறை நண்பனும் பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் நின்றிருந்தோம். அறுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி அப்போதுதான் பிறந்திருந்தது. எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் நாங்கள் ஒன்பது பேர். பேப்பரைச் சுருட்டிப் பிடித்தபடி உள்ளே வந்த பேராசிரியர், மற்ற எட்டுப் பேரும் அங்கே இல்லாதது போல அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னப்பா, மழை வரப் போவுது. சீனாக்காரன் தூசி நம்ம மழையில இறங்குதான்னு பாத்துடலாமா?"

"பாத்துடலாம் சார்" என்ற அவன், என் தோளைத் தொட்டு, "நாங்க ரெண்டு பேரும் செய்றோம்" என்றான்.

அந்த 'ரெண்டு பேரும்' எனக்குப் பிச்சை போட்டது போல இருந்தது. நான் கேட்காத பிச்சை.

அவன் கடலூர் ஓ.டி.க்காரன், துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊர். வாப்பா பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தார். நான் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அவன் மேல் பொறாமை வந்தது அவன் சட்டைகளைப் பார்த்து அல்ல, அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் மூன்று நாள் முட்டி மோதும் கணக்கை அவன் பல் துலக்கிக்கொண்டே சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல மச்சான், நீயே கண்டுபிடிச்சிருப்பே" என்பான். அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

மொட்டை மாடியில் எனாமல் பேசின்களை வைத்து மழைநீர் பிடித்தோம். அதைச் சுண்டக் காய்ச்சி, அடியில் தங்கும் பொடியைக் கதிரியக்கம் எண்ணும் கருவிக்கு அடியில் வைத்தோம். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெட்ரோமாக்ஸ் மேண்டில் போதும். அதில் இருக்கும் தோரியத்துக்குக் கருவி டிக்டிக் என்று அடித்துக்கொள்ளும். மழைப் பொடிக்கும் கிணற்றுத் தண்ணீர்ப் பொடியைவிடச் சற்று அதிகமாகவே அடித்தது. அது சீனாவின் தூசியா, அதற்கு முன்னால் மற்ற நாடுகள் வெடித்தவற்றின் மிச்சமா, காற்றில் இயல்பாகவே இருப்பதா என்று எங்களிடம் இருந்த கருவியை வைத்துச் சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். அறிக்கையை அவன் எழுதினான். என் பெயரையும் போட்டான், இரண்டாவதாக. பேசின்களைத் தூக்கியதில் பாதிக்கு மேல் நான். அதை யார் எழுதி வைப்பார்கள்?

அந்த மார்கழியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு படிப்பகத்தார் பேராசிரியரைப் பேசக் கூப்பிட்டார்கள். 'இந்தியா அணுகுண்டு செய்யலாமா?' என்பது தலைப்பு. அப்போது எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான். பேராசிரியருக்கு உடம்பு சரியில்லை. அவனை அனுப்பினார். கருவியை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் கூடப் போனவன் நான்.

முதலில் மேண்டிலை வைத்துக் கருவியைப் பேச வைத்தான். கூட்டம் அசந்துபோய் உட்கார்ந்திருந்தது. பிறகு மைக்கை விட்டுவிட்டு, வீட்டில் பேசுவது போலப் பேசினான்.

"சீனாவுக்கு அமெரிக்கா மேல பயம், செஞ்சுட்டான். அவன் மேல பயந்து நாம செய்யணும்ங்குறாங்க. செஞ்சா நம்ம மேல பயந்து பாகிஸ்தான்காரன் செய்வான். அப்புறம் மூணு பேரும் கண்ணு மூடாம உக்காந்திருக்கணும். ஒருத்தன் கை தவறினாலும் போதும். மழைக்கு எல்லை தெரியாது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. உண்மையைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் வரை நானும் குண்டு வேண்டாம் என்ற கட்சிதான். ரயிலில் வரும்போதுகூட அவனுக்கு இரண்டு வாதம் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தக் கைதட்டலைக் கேட்ட பிறகு நான் குண்டு வேண்டும் கட்சிக்கு மாறினேன். எழுந்து நின்றேன்.

"பயம் கெட்டதுன்னு யாரு சொன்னது? நம்மகிட்டயும் இருக்குன்னு தெரிஞ்சா எதிராளி கைய வெக்க மாட்டான். அறுபத்திரண்டுல நம்மகிட்ட ஒண்ணு இருந்திருந்தா சீனாக்காரன் மலைய தாண்டி வந்திருப்பானா?"

எனக்கும் தட்டினார்கள். காது சூடாயிற்று. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கொஞ்சமும் கோபமில்லாத சிரிப்பு.

"வந்திருக்க மாட்டான். ஆனா வராம இருக்கானா, வர நேரம் பாக்குறானான்னு காலம் பூரா நாம எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணுமே. அதுக்குப் பேரு நிம்மதியா?"

அப்போது முன்வரிசையில் இருந்த வக்கீல் ஒருவர் எழுந்தார். "தம்பி நல்லா பேசுறீங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். நாம குண்டு செய்யக் கூடாதுன்னு நீங்க சொல்றது சீனாவ நெனச்சா, பாகிஸ்தான நெனச்சா?"

சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவன் பெயரைக் கேட்டுவிட்டுக் கேட்கப்பட்ட கேள்வி அது. அவன் ஒரு விநாடி தரையைப் பார்த்தான்.

"கடலூர நெனச்சு சொன்னேன் சார்."

நான் எழுந்து அந்த வக்கீலிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்படி ஒரு பதில் எனக்கு வந்திருக்காதே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொழிக் கிளர்ச்சியில் கல்லூரி மூடித் திறந்து, பரீட்சை தள்ளிப்போய் ஒருவழியாக முடிந்தது. இருவருமே துறையில் தற்காலிக உதவியாளர்களாகச் சேர்ந்து, கீழ வீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் தங்கினோம். பம்பாயில் அணு ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இருவரும் விண்ணப்பம் போட்டோம். ஒன்றாகவே நேர்முகத்துக்குப் போய் வந்தோம். அவனுக்குத் தேர்வாகிவிட்டதாகவும், போலீஸ் விசாரணை முடிந்ததும் உத்தரவு வரும் என்றும் கடிதம் வந்தது. எனக்கு வந்தது காத்திருப்போர் பட்டியல். யாராவது விலகினால் கூப்பிடுவார்கள்.

"கண்டிப்பா கூப்பிடுவாங்க மச்சான்" என்றான். யார் விலகுவார்கள் என்று நான் யோசித்த அளவுக்கு அவன் யோசித்திருக்க மாட்டான்.

ஆவணிக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. இன்னொரு பக்கம் சீனா மிரட்டியது. குண்டு செய்தே தீரவேண்டும் என்று பேப்பரில் தினமும் யாராவது சொன்னார்கள். அந்த நாட்களில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகு, மப்டியில் ஓர் ஏட்டு எங்கள் அறைக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"உங்க ரூம்மேட் எப்படிப்பட்ட ஆளு தம்பி?"

"நல்லவன் சார்."

"வெளிநாட்டுப் பழக்கம் ஏதாச்சும்?"

"அவுங்க அப்பா பினாங்குல இருக்காரு. மாசா மாசம் லெட்டர் வரும்."

ஏட்டு மேசையைப் பார்த்தார். அவன் வாப்பாவின் கடிதம் திறந்தபடி கிடந்தது. எங்கள் அறை விலாசத்துக்குத்தான் போடுவார். உம்மாவுக்கான தாளும் அதற்குள்ளேயே இருக்கும். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய்க் கொடுப்பான். ஏட்டு அந்தத் தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்.

"இது என்ன பாஷை? உருதுவா?"

"அரபு எழுத்து சார்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது தமிழ் என்று எனக்குத் தெரியும். அவன் உம்மாவுக்கு அரபு எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் வாப்பா தமிழையே அந்த எழுத்தில் எழுதுவார். முந்தின நாள்தான் எனக்குப் படித்துக் காட்டியிருந்தான். முழங்கால் வலி தேவலையா, கொல்லை முருங்கை காற்றில் விழுந்ததா, சின்னவள் ஓதப் போகிறாளா. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அரசியல் பேச்சு ஏதாச்சும்?"

"கடலூர்ல ஒரு தடவ மேடையில பேசினான். இந்தியா குண்டு செய்யக் கூடாதுன்னு."

ஏட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மார்கழியில் எனக்கு உத்தரவு வந்தது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. நீ கெளம்பு" என்றான். ஸ்டேஷன் வரை பெட்டியைத் தூக்கி வந்தான். ரயில் நகர்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. முதல்முறையாக அவனுக்கு முன்னால் போகிறேன் என்று மட்டும் தோன்றியது.

பம்பாயில் அந்த நினைப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. விரிவுரையில் கஷ்டமான இடம் வரும்போதெல்லாம், இந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று தோன்றும். அடுத்த வைகாசியில் விடுமுறை கிடைத்ததும் நேரே கடலூருக்குப் போனேன். ஓ.டி.யில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் வாத்தியாராகச் சேர்ந்திருந்தான். உம்மா வெள்ளைத் துணியில் இருந்தார். வாப்பா பங்குனியில் பினாங்கிலேயே மவுத்தாகிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

துறைமுகம் வரை நடந்தோம். கருவாட்டு வாடையில் நின்றுகொண்டு ஏட்டு வந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "ஒன் வேலைய நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றான். "எனக்கு ஆர்டர் வந்துச்சு. ஒனக்கு வர்றதுக்கு முன்னாடியே. நான்தான் வேணாம்னு எழுதிப் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"அங்க இண்டர்வியூல ஒருத்தர் கேட்டாரு. நாளைக்கு குண்டு செய்னு சொன்னா செய்வியான்னு. செய்வேன்னு சொல்லிட்டேன். வேலை வேணுமே. ஆனா அப்படிச் சொன்னதுலேர்ந்து சோறு எறங்கல. ஆர்டர் வந்தப்ப ஒங்கிட்ட சொன்னா நீ சந்தோஷமா போயிருக்க மாட்ட. அதான் சொல்லல."

என் குற்றத்தால் அவனுக்கு வேலை போனது என்று ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தேன். அதுவும் இல்லை என்று ஆயிற்று. அதே கேள்வியை என்னிடமும் கேட்டிருந்தார்கள். நானும் செய்வேன் என்றுதான் சொன்னேன். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். அவன் வேண்டாம் என்று விட்டதில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தபோது, வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். மறுக்கக்கூட அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆனால் அவன் பேசி முடித்திருக்கவில்லை. குரல் மாறியிருந்தது.

"ஒங்கிட்ட கேட்டுட்டு அந்த ஏட்டு எங்க வூட்டுக்கும் வந்தாரு. நான் இல்லாத நேரம். பினாங்கு லெட்டரெல்லாம் எடுத்து வெய்யுங்க, நாளைக்கு வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுப் போனாரு. உம்மா பயந்துட்டாங்க. புள்ளைய ஜெயில்ல போட்டுருவாங்கன்னு பயம். கல்யாணம் ஆனதுலேர்ந்து வந்த லெட்டரு அத்தனையும் வெந்நி அடுப்புல வெச்சுட்டாங்க. மறுநாள் அவரு வரவே இல்ல. ஆனாலும் பயம் போகாம, எங்கிட்ட இருந்ததையும் அப்புறம் வந்ததையும்கூட வாங்கி எரிச்சுட்டாங்க. இப்ப வாப்பாவும் இல்ல. அவுங்க கையெழுத்துல ஒரு துண்டுத் தாளு எங்க வூட்ல கெடையாது."

கடலைப் பார்த்திருந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"இது தமிழ்தான்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மச்சான் என்று அவன் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு என்றுமே கூப்பிடவில்லை. பஸ் நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

பம்பாயிலிருந்து மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறுவருஷம் விடுமுறையில், உம்மாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று மறுபடி போனேன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். "வாங்க தம்பி, உக்காருங்க. பம்பாயில ஒடம்புக்கு ஒத்துக்குதா?" என்று அவர் கேட்ட விதத்தில், அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று தெரிந்தது. என்னைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு ஒரு வருஷம் முழுக்க இருந்தது. ஏட்டிடம் அவனைக் காட்டிக் கொடுக்க எனக்கு ஒரு காலை நேரமே போதுமானதாக இருந்தது.

உம்மா டீ கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் அவனிடம் எவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள், டியூஷனுக்கு வாசல் நிறையச் செருப்பு கிடக்கிறது என்றெல்லாம் சொன்னார். நான் வாய் திறக்க இரண்டு முறை முயன்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"டீ நல்லா இருக்கா? சீனி போடவா தம்பி?"

"போதும்மா" என்றேன். குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.