தொண்ணூற்றிரண்டு கட்டம் வெட்டிய ரேணுகா

எங்கள் பட்டறையில் சிலை செதுக்குகிறவர்கள் ஒன்பது பேர். எழுத்து வெட்டுவது ஒருத்திதான், ரேணுகா. மாமல்லபுரத்துக்கு வடக்கே மீனவர் குப்பத்தில் பிறந்தவள். பதினோரு வருஷம் முன்னால் கல்தூள் கூட்ட வந்தவள், உடைந்த துண்டுகளில் தானே வெட்டிப் பழகினாள். சொல்லித்தர எங்களுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. நான் பாலிஷ் போடுகிறவன், ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். இதில் வருகிற கணக்கெல்லாம் அவள் சொன்னதுதான்.

போன வருஷம் படூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு ஆர்டர். புதிய லேப் வாசலில் வைக்கத் தனிம அட்டவணை வேண்டுமாம். எட்டடிக்கு ஐந்தடி, கருப்பு கிரானைட், ஒரே பலகை. ஹைட்ரஜனில் தொடங்கி யுரேனியம் வரை தொண்ணூற்றிரண்டு கட்டம். கட்டத்தின் மேலே வரிசை எண், நடுவில் தனிமத்தின் குறி, கீழே அணு நிறை, அதாவது அதன் எடை. ஒரு எண் தப்பினாலும் பலகை முகத்தையே தேய்த்து எடுக்க வேண்டும்.

முதலாளி சடையப்பனுக்கு ஒரு பழக்கம். கடை வாசலில் பிள்ளையார்களை எடை குறைந்ததிலிருந்து கூடினது வரை அடுக்கி வைப்பார். ஒன்று இடம் மாறினாலும் காலையில் காபி இறங்காது. அந்தக் கண்ணைக் கல்லூரித் தாளில் ஓட்டினார், ஒரு இடத்தில் நின்றார்.

"டெல்லூரியம் நூத்தி இருவத்தேழு, அடுத்து அயோடின் நூத்தி இருவத்தாறு. டைப் அடிச்சவன் தூங்கி வயிஞ்சிக்கிறான். ரெண்டையும் மாத்தி வெட்டு."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே, மொதலாளி?" என்றாள் ரேணுகா.

"கேட்டா, இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு வேற பட்டறைக்குப் பூடுவான். வெட்டுன்னா வெட்டு."

எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. தப்பாக வெட்டினாலும் வெட்டுவோம், சந்தேகம் மட்டும் கேட்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ரேணுகா தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை டீ குடிக்கும்போது என்னிடம் ஆரம்பித்தாள்.

"அண்ணாத்த, எடை ஒரு எடத்துல இல்ல, நாலு எடத்துல எறங்குது. பதினெட்டுக்கப்புறம், இருவத்தேழுக்கப்புறம், அம்பத்திரெண்டுக்கப்புறம், தொண்ணூறுக்கப்புறம். எல்லாம் ஒண்ணு, இல்ல அதுக்கும் கம்மியாத்தான் எறங்குது. இருவத்தொம்பதுல கீறது வேற கத, அத்த அப்புறம் சொல்றேன். மேல கீற நம்பரு எங்கயும் தவறல. தூங்குனவன் ஒரே மாரி நாலு தபாவா விழுவான்?"

"அதுக்கு இன்னான்ற?"

"வரிசையே அந்த நம்பர வெச்சுத்தான். எடைய வெச்சு இல்ல."

"உனுக்கு இன்னாத்துக்கு வம்பு? சொன்னத வெட்டிட்டுப் போயேன்."

"தப்பாச்சுன்னா திட்டு எனுக்குத்தான வரும்? உன் பாலிஷுக்கா வரும்?"

அந்த வாரம் முதலாளி உறவுக்காரர் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போனார். திரும்பி வருவதற்குள் தாளில் இருந்தபடியே வெட்டி முடித்துவிட்டாள். ஒரே ஒரு இடம் தவிர. இருபத்தொன்பதாம் கட்டத்தில், தாமிரத்தின் கீழே, எண் இல்லை. சாக்பீஸ் கோடு மட்டும்.

முதலாளி குதித்தார். "மாத்தச் சொன்னா மாட்டேன்ற. இங்க பேப்பர்ல கீறதையும் வெட்ட மாட்டேன்ற. இது இன்னா, பல்லு போன வாய் மாரி?"

"அந்த நம்பரு நம்புற மாரி இல்ல. கேட்டுட்டு வெட்டறேன்."

"கல்லு திரும்பி வந்துச்சு, நீ இந்தக் கேட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது."

அவள் மகள் கேளம்பாக்கத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சம்பாதிப்பது ரேணுகா ஒருத்திதான். ஆனாலும் உளியை எடுக்கவில்லை.

பலகையை லேப் வாசலில் மரக்கட்டை மேல் இறக்கினோம். வேதியியல் பேராசிரியை கல்யாணி வந்தார். அவர் விரல் நேராகப் பதினெட்டாம் கட்டத்துக்குப் போனது. பிறகு இருபத்தேழு, ஐம்பத்திரண்டு, தொண்ணூறு.

"நாலும் சரி," என்றார். "போன தடவை சுவத்துல எழுதின பெயிண்டர், சரி பண்றேன்னு நாலையும் மாத்திட்டார். அதான் முதல்ல இதைப் பாத்தேன். யார் வெட்டினது?"

"நம்ம பட்டறைதான் மேடம்," என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பட்டறை இல்ல மேடம், இந்தம்மா," என்றேன் நான். முறைத்தார். முறைக்கட்டும்.

அப்போதுதான் பேராசிரியை தாமிரத்தைக் கவனித்தார். "இது ஏன் காலியா இருக்கு?"

முதலாளியின் நெஞ்சு உள்ளே போனது. ரேணுகா தாளை நீட்டினாள். "மத்ததெல்லாம் மிஞ்சிப்போனா ஒண்ணுதான் எறங்குது மேடம். இது அம்பத்தெட்டுலேர்ந்து முப்பத்தாறுக்கு விழுது. அடுத்தது அறுவத்தஞ்சு. மூணும் ஆறும் எடம் மாறியிருக்கும்னு தோணுது. ஆனா தோணறதெல்லாம் கல்லுல வெட்ட முடியுமா?"

அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நானே டைப் பண்ணினது! அறுபத்து மூணு புள்ளி அஞ்சு நாலு ஆறு. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது பாதி."

ரேணுகா உளியோடு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் வட்டமாகச் சூழ்ந்து செல்போனைத் தூக்கினார்கள். 63.546. கடைசி ஆறை முடித்து வாயால் தூளை ஊதியபோது கிளம்பின கைதட்டலில் கல்லூரி கேட் வாட்ச்மேனே ஓடிவந்துவிட்டார்.

திரும்பும்போது லாரி கோவளம் தாண்டியதும் முதலாளி ரேணுகா பக்கம் திரும்பினார். "காலையில எட்டு மணிக்கு வந்துடு," என்றார்.

"வரேன். ஆனா எழுத்துல சந்தேகம் வந்தா நானே போன் போட்டுக் கேப்பேன்."

"கேளு."

"உன் போன்லேர்ந்துதான் கேப்பேன், மொதலாளி. என்னுதுல பேலன்ஸ் கீறது இல்ல."

முன்சீட்டில் இருந்து செல்போன் பின்னால் நீண்டது.