அனுமதி கேட்காத வகுப்பு

எண்பதுகளின் தொடக்கம். சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டில் ஓர் எஸ்டேட்டின் காபிக் கொட்டகையில், பழம் பறிக்கும் பெண்கள் ஒன்பது பேருக்கு மாலைதோறும் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பறிப்புக் காலம் வந்ததும், கணக்கெழுதி ஆட்களை மேய்க்கும் எஸ்டேட் ரைட்டர் கொட்டகையைப் பூட்டிவிட்டார். முதலாளி அனுமதிக்கும்வரை வகுப்பு கிடையாது, வெளியாள் தொழிலாளர் வீடுகள் பக்கம் வரவும் கூடாது என்றார்.

அந்த வாரம் எனக்கு ஜாவா பிடித்திருந்தது, காய்ச்சல் பிடிப்பதுபோல. சேலத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு ஜாவா வரலாறு. டச்சுக்காரன் ஆண்ட தீவு. அங்கே மண்ணின் மக்கள் தாங்களே திறந்த பள்ளிகள். ஆசிரியரை அப்பா, அம்மா என்றழைத்த பிள்ளைகள். இந்த நாடு நம்முடையது என்று சொல்லித்தந்த பாடங்கள். அனுமதி வாங்காத பள்ளி நடக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அவர்கள் பணியவில்லை. ஓர் ஆசிரியரைத் தடுத்தால் இன்னொருவர் வந்து அந்த இடத்தில் உட்காருவார் என்றார்கள். உட்கார்ந்து படிக்க முடியவில்லை என்னால். பனி பக்கங்களை நனைக்க, கரடியூர்ச் சாலையில் நடந்துகொண்டே படித்தேன்.

படித்து முடித்த மறுநாள் காலை, எஸ்டேட் கேட்டுக்கு வெளியே நின்றபடி, வேலைக்குக் கிளம்பிய பெண்களை நிறுத்தி அத்தனையும் கொட்டினேன். அங்கேயும் காபிதானா என்றார்கள். காபிதான், வெள்ளைக்காரன் கட்டாயப்படுத்தி நடவைத்த காபி என்றேன். கூட்டம் நெருங்கி வந்தது. கடைசியில், முதலாளிக்கு மனு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்று முடித்தேன்.

பாதி எழுத்தே கற்றிருந்த ஒரு வாயாடி, சாக்கை இடுப்பில் இறுக்கியபடி கேட்டாள்: “ஏனுங்க வாத்தியாரே, அவிங்க பணியலீன்னு இத்தன நேரஞ் சொல்லிப்போட்டு, நீங்க எதுக்குங்க மனு எழுதறீங்க?”

ஒன்பது பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“எங்கூட்ல நா ஒக்காந்து சொல்லித்தாரனுங்க. பாதி தெரியுமில்ல?”

மீதிக்கு என்ன செய்வாய் என்றேன். கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் அவள் உள்ளங்கையில் பேனாவால் இரண்டு எழுத்து. பத்து மணிக்குள் பழச்சாறு அழித்துவிடும். அதற்குள் செடிவரிசை தாண்டிக் கத்திக் கத்தி எல்லார் வாயிலும் ஏற்றிவிடுவாள். மாலையில் அவள் வீட்டில் வகுப்பு; நான் வேலிக்கு வெளியே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கேட்பேன். என்னைவிட அதட்டலான குரல். பொறாமையா மகிழ்ச்சியா, நிலைகொள்ளாது எனக்கு.

ரைட்டருக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாசலில் நின்று, இங்கே யார் வாத்தியார் என்று கேட்டிருக்கிறார். ஒன்பது பேரும் கை தூக்கினார்களாம்.

நான் பயந்துபோய்க் காலையில் கேட்டில் நின்றேன். ஓடி வந்தாள்.

“வெரசா எழுதுங்க. இன்னிக்கு ரைட்டரு ஊட்டம்மாளும் படிக்க வருதுங்க.”