பெரிய மருமகளின் குரல்

எட்டு மணித் தொடரில் வேல்விழி வாயைத் திறந்தால், விருத்தாசலத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் டிவியின் சத்தம் நின்றுவிடும். அது அவளைப் பெற்ற திரௌபதியின் வீடு.

மகள் பேசும்போது திரௌபதி ரிமோட்டை அழுத்துவாள். தொடரில் வரும் மாமியாரோ கொழுந்தனோ பேசத் தொடங்கினால் மறுபடி அழுத்துவாள். பீங்கான் கம்பெனியில் பகலெல்லாம் பொம்மைகளின் விளிம்பைச் சுரண்டிய கட்டைவிரல் இந்த வேலையிலும் பிசகாது.

"சண்டையில பாதிதான் காதுல வுழுது. ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?" என்பாள் பக்கத்து வீட்டுக் கமருன்னிசா. அவள் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்த பெரிய டிவி அவளுக்கு இருந்தது. ஆனாலும் நடிகையின் அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி.

"என் பொண்ணு வாயில எவளோ உக்காந்துகினு பேசுறா. அத நான் எதுக்குக் கேக்கணும்?"

இரண்டாயிரத்தில் ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் படம்பிடிக்க வந்தவர்கள், விளக்கேந்தி நடக்க உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேடினார்கள். அத்தை வீட்டுக்குப் போயிருந்த வேல்விழி நடந்தாள். அவள் திரும்பிப் பார்த்த பார்வை பிடித்துப்போய்ச் சென்னைக்கு அழைத்தார்கள். மறு வருஷமே பெரிய மருமகள் வேடம். முகம் சரி, பேச்சில்தான் ஊர் வாடை அடிக்கிறது என்று குரலுக்கு மட்டும் வேறொருத்தியை வைத்தார்கள். பெரிய மருமகள் மூன்று பிள்ளை பெற்றாள், ஒரு முறை ஜெயிலுக்கும் போய்வந்தாள். எல்லாம் அந்தக் குரலில்தான்.

ஊருக்கு வரும்போதெல்லாம் திரௌபதி கேட்பாள். "ஒரே ஒரு வாட்டி உன் குரல்ல பேசேன்டி."

"அது என் கையில இல்லம்மா. டைரக்டர் கையில இருக்குது."

அந்தப் பதிலைத் திரௌபதி மறக்காமல் வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழில் டைரக்டர் சினிமாவுக்குப் போய்விட்டார். வேல்விழியோ தன் காட்சி முடிந்தாலும் நிழலில் போய் உட்காராதவள். மானிட்டர் அருகிலேயே நின்று, எந்த ஷாட் எதோடு சேரும் என்று கேட்டுக் கேட்டு உதவி இயக்குநர்களின் உயிரை எடுத்தவள். தயாரிப்பாளர் அவளையே இயக்கச் சொல்லிவிட்டார்.

சேதி சொல்ல அவள் போன் செய்ததும் திரௌபதி கேட்டாள்: "இப்ப நீதான டைரக்டரு?"

"நான்தான். ஆனா அது மட்டும் முடியாதும்மா. ஜனங்க ஆறு வருஷமா கேட்டுப் பழகின குரலு. அந்தக்காவுக்கு அதான் பொழப்பும். நான் வந்ததும் வராததுமா அவங்க சோத்துல மண்ணப் போடவா?"

கம்பெனியில் ஆள் குறைப்பு என்றால் என்னவென்று பார்த்தவள் திரௌபதி. "போவுது வுடு" என்றாள். சுரத்தே இல்லை.

மகள் இயக்கிய முதல் பகுதி வந்த அன்று கமருன்னிசா தட்டு நிறைய சமோசாவோடு வந்தாள். திரையில் 'இயக்கம்: வேல்விழி' என்று எழுத்து ஓடியபோது கை தட்டினாள். திரௌபதி கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தாள்.

பெரிய மருமகள் அடுப்படியில் தனியாக நின்றாள். பேசவில்லை. அழுதுவிடுவாளோ என்கிற முகம். அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"அக்கா, வூட்ல இருக்கீங்களா? தண்ணி வந்துடுச்சி. கொடத்த எடுத்துகினு வாங்க."

திரௌபதி விறுவிறுவென்று போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை.

"இப்பதான என் பொண்ணு வேலு கூப்பிட்டா?"

"அக்கா, அது டிவியில" என்றாள் கமருன்னிசா, சிரிப்பை அடக்க முடியாமல்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "கேட்டியாம்மா? கதையில வர்ற பக்கத்து வூட்டுக்காரிக்குப் பேச ஆளு வரல. நானே பேசிட்டேன்."

"கதவையே தெறந்துட்டேன்டி. நாளைக்கும் வருவாளா அவ?"

"தண்ணி வந்தா வருவா."

என்றைக்குத் தண்ணீர் வரும் என்று மகள் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து திரௌபதி ரிமோட்டைத் தூக்கி டிவியின் தலைமேல் வைத்துவிட்டாள். பெரிய மருமகள் எவளோ குரலில் ஏதேதோ பேசினாள். திரௌபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவளும் மோசமாப் பேசல" என்று ஒருநாள் கமருன்னிசாவிடம் சொன்னாள்.