திங்கட்கிழமைக் காய்ச்சல்

நாட்டியத்துக்குப் போடும் நகைகளை வார்ப்பதுதான் எங்கள் தொழில். மந்தைவெளியில் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு தகரக் கொட்டகை, அதில் உலை. என் வீட்டுக்காரர் உருக்கி ஊற்றுவார், நான் அராவி மெருகு போடுவேன். எங்கள் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் மாட வீதிக் கடைகளுக்குப் போகும்.

இன்றைக்கு விற்கிற விலையில் தங்கத்தில் யார் செய்து போடுகிறார்கள்? ஆனால் தங்கம் மாதிரி இருந்தாக வேண்டும். மேலே பூசிய முலாம் தேய்ந்தாலும் அடியில் இருப்பது காட்டிக்கொடுக்கக் கூடாது. நாங்கள் வார்ப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை; செம்பு கூடினால் சிவக்கும். துத்தநாகம் கூடினால் மஞ்சளாகும், அடக்கவிலையும் குறையும். நாட்டிய டீச்சர்கள் தங்கள் கையிலிருக்கும் தங்க வளையலைப் பக்கத்தில் வைத்துத்தான் எதையும் வாங்குவார்கள். போன வருடம் அவர் துத்தநாகத்தைக் கூட்டிப் பார்த்துப் பார்த்து ஒரு கலவையைப் பிடித்தார். வளையலுக்கும் வார்ப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கலவையை உருக்கும்போது வெள்ளைப் புகை எழும்பும். பஞ்சுபோலக் கொட்டகைக்குள் மிதந்து அவர் மீசையில் ஒட்டும். துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாமே இது, பாயசம் மாதிரி கீது?" என்றார். நான் போட்டது வழக்கமான சர்க்கரைதான். தண்ணீர் கொடுத்தேன், அதுவும் இனிக்கிறதாம். இருட்டுவதற்குள் உடம்பைத் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. எங்கள் தெருவில் அப்போது டெங்கு. அதுதானோ என்று விடியும்வரை விழித்திருந்தேன்.

காலையில் பார்த்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்து இட்லிக்கு இன்னும் சட்னி கேட்கிறார்! ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. அடுத்த திங்கட்கிழமையும் அதே இனிப்பு, அதே குளிர். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மற்ற நாட்களில் கல்லுக்குண்டாக இருந்தார். "ஞாயித்துக்கெழமை சும்மா குந்திக்கினு இருந்தா ஒடம்பு கெட்டுப்பூடுது," என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்தார்.

அரங்கேற்ற அவசரம் ஒன்று வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உலை மூட்டினார். மறுநாள் காய்ச்சல் வரவில்லை. "பாத்தியா? நம்ம ஒடம்புக்கு லீவுதான் ஆவல!" என்று குதித்தார். அதிலிருந்து எங்களுக்கு ஞாயிறே கிடையாது. ஒரு வைத்தியமே கிடைத்துவிட்ட மாதிரி நானும் தலையாட்டினேன்.

பொங்கலுக்கு மட்டும் உலையை அணைத்துவிட்டுச் சில நாள் சும்மா இருந்தோம். மறுபடி மூட்டிய அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். ஆட்டோவில் போகும்போது அவர் கையை விட்டால் போய்விடுவாரோ என்று பயந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "என்ன வேலை பண்றார்?" என்றுதான். சொன்னேன்.

"துத்தநாகப் புகைம்மா. தினமும் இழுத்தா உடம்பு பழகிக்கும், காய்ச்சல் வராது. லீவு விட்டா பழக்கம் போயிடும். திரும்ப இழுக்கிறப்போ வாய் இனிக்கும், காய்ச்சலா காட்டும்."

"அப்ப காய்ச்சல் வராத நாள்ல?"

"அன்னைக்கும் புகை உள்ளதானே போகுது?"

அவர் திணறியதைவிட அந்தப் பதில்தான் அதிகம் பயமுறுத்தியது. காய்ச்சல் வராத நாளில் எல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

நெஞ்சுப் படம் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விசாரித்ததில், துத்தநாகமே சேராமல் கொஞ்சம் சிலிக்கான் கலந்த செம்பு கட்டியாகவே கிடைக்கிறது. பளபளப்பு இருக்கிறது, ஆனால் வளையல் பக்கத்தில் வைத்தால் ஒரு சிவப்பு தெரியும். "டீச்சருங்க வாங்க மாட்டாங்கமே," என்றார். "வாங்காட்டி போகட்டும். எனக்கு நீங்க வேணும்," என்று கத்திவிட்டேன். மறுநாள் அவரே போய் அந்தக் கட்டியை வாங்கி வந்தார். கொட்டகையில் புகையை இழுக்க ஒரு ஃபேனும் மாட்டினோம்.

ஞாயிறு முழுக்க உலையை மூட்டவில்லை. திங்கட்கிழமை புதுக் கட்டியை உருக்கினார். எனக்கு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் வேண்டுமென்றே துளி சர்க்கரை போடாமல் காபி கலந்து கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"இன்னாமே, இப்பிடிக் கசக்குது? சக்கர போட மறந்துட்டியா?"

"ஆமாங்க, மறந்துட்டேன்," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், சர்க்கரை டப்பாவைக் கையில் பிடித்தபடி அழுதேன்.